கவிழ்ந்த வண்டியின் எஞ்சின்

எஞ்சினைக் கழற்றிய பிறகு ஒரு லாரி எப்படி இருக்கும் என்பதை அந்த மாசி மாதத்தில்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய பொந்து. அதற்குள் ஒயர்கள் தொங்கின. தேனியில் பெரியகுளம் ரோட்டோரம் இருந்த ஒரு ஷெட்டில் அதை நிறுத்தியிருந்தார்கள். கழற்றிய எஞ்சின் பக்கத்திலேயே இரண்டு பழைய டயர்களின் மேல் உட்கார்ந்திருந்தது. மதியம் நான் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோவேன். இடுப்பில் இருக்கும் மகள் அந்தப் பொந்தைக் கண்டதும் அதற்குள் போக வேண்டும் என்று கையை நீட்டி அழுவாள். நான் அந்தப் பக்கமே பார்க்காமல் வாளியை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

எங்களிடம் இருந்தது அந்த ஒரு லாரிதான். அதுவும் ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டி முடித்துவிட்டு விற்றது. என் கணவரே ஓட்டினார். வடுகபட்டியில் பூண்டும் தேனியில் காய்கறியும் ஏற்றி, கம்பம் வழியாகக் குமுளி மலை ஏறி, கேரளத்துக்குள் இறக்கிவிட்டு, மரவள்ளியோ இஞ்சியோ ஏற்றிக்கொண்டு மலை இறங்கி வருவார். வாரத்தில் மூன்று நடை. அவர் மலை ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் எனக்கு மனப்பாடம். அந்த நேரங்களில் என் கை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவுவேன். மகளுக்குத் தலை சீவிவிட்டு, கலைத்து, மறுபடியும் சீவுவேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். இங்கிலீஷில் மனு எழுதத் தெரிந்த மருமகள் என்று எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், தெருவில் சொல்லிக்கொள்வார். அந்தப் பெருமைக்கு ஏற்ற தைரியம் மட்டும் என்னிடம் இல்லை.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் போடிக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரைத் தொடமாட்டார். காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வெள்ளை வேட்டியோடு ஷெட்டில் வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். மற்ற நாட்களில் அவர் பேசுவதே அபூர்வம். அப்படி ஒரு ஞாயிறு மதியம் என்னையும் கூப்பிட்டு, எஞ்சினின் வயிற்றுக்குள் கிடந்த கனத்த இரும்புத் தண்டைக் காட்டினார். கிராங்கு என்பார்கள். எஞ்சினில் சுற்றுவது எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றுகிறது. தேய்ந்தால் லேத்தில் கடைந்து வழவழப்பாக்கி மறுபடியும் மாட்டுவார்கள்.

"இது தேயத் தேயக் கடஞ்சு கடஞ்சு ஓட்டியிருக்காக தங்கச்சி. இதுதான் கடைசிக் கடைசல். இதுக்கு மேல கடஞ்சா குச்சியாப் போயிரும்" என்றார்.

"இப்பக் கடஞ்சு போட்டா ஓடாதாண்ணே?"

"ஓடும். சமதரையில ரெண்டு வருசம்கூட ஓடும். இவரு ஓட்டுறது மலையில்ல?"

"மலையில ஒடஞ்சா என்னாகும்?"

மெக்கானிக் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "இவகிட்ட என்னத்துக்குண்ணே அதெல்லாம்" என்றார்.

ஆனால் நான் கேட்டுவிட்டேன், மெக்கானிக் சொல்லியும்விட்டார். ஏறும்போது உடைந்தால் பிரேக்கை நம்பி நிற்க வேண்டும். இறங்கும்போது உடைந்தால் எஞ்சினும் நின்றுவிடும், பிரேக்குக்கும் பாதிப் பலம் போய்விடும். புதுக் கிராங்கு எழுதிப்போட்டு வாங்க ஆறு மாதம் ஆகலாம், வராமலும் போகலாம். ஆகவே வழி இரண்டு. இருக்கிற எஞ்சினையே வேலை பார்த்து, அந்தத் தேய்ந்த கிராங்கைக் கடைசித் தடவையாகக் கடைந்து மாட்டிக்கொள்வது. அல்லது மதுரையில் உடைத்து விற்கிற லாரி எதிலிருந்தாவது இதே ரகத்தில் ஒரு முழு எஞ்சினை வாங்கி வைப்பது.

எங்கள் அத்தைக்கு இரண்டாவது வழி பிடிக்கவில்லை. "ஊரான் வண்டி எஞ்சினு. அது என்னென்ன பண்ணிட்டு வந்துச்சோ" என்றார். லாரி வாங்கியபோதும் விற்றவரிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதானாம்: இந்த வண்டி உயிர் எதுவும் வாங்கியிருக்கிறதா? அந்தக் கேள்வியை அவர் மட்டும் கேட்டதில்லை. எங்கள் பக்கம் பழைய லாரி, பழைய பஸ், பழைய புல்லட் எது கை மாறினாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். டயரைத் தட்டிப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

திங்கட்கிழமை என் கணவரும் மெக்கானிக்கும் மதுரைக்குப் போனார்கள். நான் அன்று முழுவதும் எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் இருந்தேன். நல்ல எஞ்சின் கிடைக்கட்டும் என்று நினைத்த அடுத்த நிமிடமே, எதுவும் கிடைக்காமல் அவர் இன்னும் கொஞ்ச நாள் தரையிலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். லாரி ஓடாத அந்த மூன்று வாரமும் நான் நன்றாகத் தூங்கியிருந்தேன். அதை யாரிடம் சொல்ல முடியும்?

சாயங்காலம் சிரித்த முகத்தோடு வந்தார்கள். எஞ்சின் கிடைத்துவிட்டது. திறந்தே பார்க்காத எஞ்சின். கிராங்கு ஒரு தடவைகூடக் கடையாதது. ஓட்டிக் காட்டச் சொல்லி, அதன் தலைமேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துப் பார்த்தார்களாம். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"நாங்கேட்டத கேட்டியாலே?" என்றார் அத்தை.

"கேக்காம இருப்பனா. சூடம் கொளுத்தி, உள்ளங்கையால அணச்சு, இந்த எஞ்சினு இருந்த வண்டி ஒரு உசுரும் வாங்கலைன்னு சத்தியம் பண்ணிட்டாரு. போதுமா ஆத்தா?"

சூடம் அணைத்துச் சத்தியம் செய்த பிறகு மேலே கேட்பது மரியாதை இல்லை. அத்தை தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வெள்ளிக்கிழமை போய் எஞ்சினை எடுத்துவருவது என்று பேச்சு. அதற்குள் நான் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. எஞ்சினை மாற்றினால் அதன் நம்பரை வண்டியின் ஆர்.சி. புக்கில் மாற்றிப் பதிய மதுரை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மனுக் கொடுக்க வேண்டும். எங்கள் ஆர்.சி. புக்கையும், உடைத்த லாரியின் ஆர்.சி. புக்கையும் என் முன்னால் வைத்துவிட்டு, "நல்லா எழுது. அடிச்சு திருத்தாம" என்றார் என் கணவர்.

மறுநாள் காலையில் மகளைத் தூளியில் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். பெறுநர், அனுப்புநர் எழுதியாயிற்று. எஞ்சின் நம்பரைப் பார்த்து எழுதுவதற்காக அந்தப் பழைய புக்கைத் திறந்தேன். முதல் பக்கத்தில் லாரியின் நம்பர் இருந்தது. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒரே மாதிரி வரும் நான்கு இலக்கம். உடைமையாளர் ஊர், உத்தமபாளையம்.

அந்த லாரியை எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் போகும்போது கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் வாசிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. கடைப் பலகை, சுவர் விளம்பரம், வண்டி நம்பர் எதையும் விடமாட்டேன். என் அம்மா வீடு கம்பத்துக்குப் பக்கத்தில் காமயகவுண்டன்பட்டி. போன வருடம் அங்கே போகும்போதெல்லாம் கம்பத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்னால் நசுங்கிய லாரி ஒன்று மாதக்கணக்காக நின்றது. குமுளி மலையில் கவிழ்ந்த வண்டி. பஸ் அதைக் கடக்கும்போது எல்லோரும் எழுந்து ஜன்னல் பக்கம் சாய்வார்கள். "டிரைவரு அங்கனயே முடிஞ்சு போனாராம். ரெண்டு சின்னப் புள்ளைகளாம்" என்று ஒவ்வொரு தடவையும் யாராவது சொல்வார்கள். அப்போது மகள் என் வயிற்றில் இருந்தாள். நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அந்த நம்பரை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் வாசித்துக்கொண்டே கடப்பேன்.

அந்த எஞ்சினைத்தான் இப்போது எங்கள் லாரிக்குள் வைக்கப் போகிறார்கள். சூடம் அணைத்தவர் பொய்ச் சத்தியம் செய்திருக்கிறார். என் கணவரும் அந்த வண்டியைக் கடந்துதான் போயிருப்பார், ஆனால் நம்பரைப் பார்த்து வைக்கிற ஆள் இல்லை. வீட்டில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஏனென்றால் அந்தப் புக்கில் இருப்பதை வாசிக்கத் தெரிந்தவளும் நான் ஒருத்திதான்.

எஞ்சினுக்கு உயிரைப் பற்றி என்ன தெரியும், இரும்புதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நான் படித்தவள். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெளிவாகத் தெரிந்தது. அத்தை அந்த எஞ்சினை வாசல் பக்கம் வரவிடமாட்டார். உடனே பழைய எஞ்சினில் அந்தக் குச்சியாகப் போகிற கிராங்கைக் கடைந்து மாட்டுவார்கள். அது மலையில் உடைந்தால் உடைத்தது நான். சொல்லாவிட்டால் என் கணவர் செத்தவருடைய எஞ்சினை ஓட்டிக்கொண்டு, அந்த மனிதர் செத்த அதே மலையில் வாரத்தில் மூன்று தடவை ஏறி இறங்குவார். நான் ஒவ்வொரு தடவையும் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். ஏதாவது ஆனால் அப்போதும் அது நான்தான்.

பேனாவிலிருந்து மசி ஊறி மனுவின் மேல் ஒரு பொட்டு விழுந்தது. அதையே சாக்காக வைத்து எழுதுவதை விட்டுவிட்டேன். மதியம் என் கணவர் கேட்டபோது, மசி கொட்டிவிட்டது, வேறு தாள் வேண்டும் என்றேன். தாள் வாங்கி வந்தார். ஸ்டாம்பு ஒட்ட வேண்டுமா என்று விசாரிக்க வேண்டும் என்றேன்.  "ஒடம்புக்கு என்னவும் செய்யுதா?" என்றார். இல்லை என்றேன்.

அன்று எனக்கு ஒரு யோசனை வந்தது. செத்தவருடைய வீட்டில் போய் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். வண்டி எதனால் கவிழ்ந்தது? எஞ்சின் கோளாறால் இல்லை என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டால் போதும். நான் வாயை மூடிக்கொண்டு மனுவை எழுதிவிடலாம். இப்போது நினைத்தால் அது என்ன நியாயம் என்று தெரியவில்லை. அன்று அது ஒன்றுதான் வழியாகத் தெரிந்தது.

புதன்கிழமை காலையில், அம்மாவுக்கு மேலுக்குச் சுகமில்லையாம், பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். கல்யாணமாகி வந்த பிறகு நான் சொன்ன முதல் பெரிய பொய். அத்தை ஒரு சீப்பு வாழைப்பழத்தை அம்மாவுக்கு என்று கொடுத்தனுப்பினார். அந்தப் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு சின்னமனூர் வரை நான் ஜன்னலுக்கு வெளியே ஒரு எழுத்தைக்கூட வாசிக்கவில்லை.

உத்தமபாளையத்தில் இறங்கி, ஆர்.சி. புக்கில் இருந்த தெருவைக் கேட்டுப் போனேன். லாரிக்காரர் வீட்டில் ஒரு அம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். டிரைவர் வீடு எது என்று கேட்டேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு என்று முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னார். யார், எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அங்கிருந்தே திரும்பியிருப்பேன்.

மூன்றாவது வீட்டு வாசலில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் இன்னும் நான்கைந்து ஸ்டவ்கள். இறந்தவருடைய அண்ணனாக இருக்கும் என்று நினைத்தேன்.

"லாரி டிரைவர் வீடு இதுதானாண்ணே?"

"ஆமா."

"அவரு சம்சாரத்தப் பாக்கணும்."

"என்னத்துக்கு?"

நான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அவுக தவறுனது அப்பவே தெரியும். மாசமா இருந்ததால வர முடியல. ஒரு வார்த்தை விசாரிச்சுட்டுப் போகலாம்னு..."

அவர் ஸ்டவ்வைக் கீழே வைத்தார். வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இந்தா, இங்கன வா. ஒங்கிட்டத் துக்கம் கேக்க வந்திருக்காக."

"யாருக்கு?" என்று உள்ளேயிருந்து பெண் குரல்.

"எனக்குத்தான்."

முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி அவர் மனைவி வெளியே வந்தார். என்னையும் குழந்தையையும் பார்த்தார். "இதோட மூணாவது ஆளு" என்றார். "போன மாசம் ஒரு அம்மா வந்து என்னயக் கட்டிப் புடிச்சு அழுதுட்டு, அப்புறம் இவரப் பாத்துட்டு பயந்து ஓடுச்சு. நீங்க உக்காருங்க. பயப்படாதீக. மவுத்தானவரு மூணு வேளையும் நல்லாச் சாப்புடுறாரு."

நான் உட்கார்ந்தேன்.  அப்போதுதான் பார்த்தேன், அவருடைய கைலி இடது முழங்காலுக்குக் கீழே தட்டையாகத் தொங்கியது. நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஊன்றுகட்டை ஒன்று சாய்ந்திருந்தது.

"கம்பத்துல பஸ்ஸுக்குப் பஸ்ஸு என்னயச் சாகடிச்சுட்டாக" என்றார். "காலுதான் போச்சு. மதுரை ஆஸ்பத்திரியில நாலு மாசம் கெடந்தேன். ஊருக்குத் திரும்பி வந்தா, எனக்குக் கருமாதியே முடிச்சு வச்சிருக்காக. சரி, நீங்க யாரு? துக்கத்துக்கு வந்த மாதிரித் தெரியல."

வாழைப்பழத்தை அவர் மனைவியிடம் கொடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிராங்கு, சூடம், டம்ளர், மனு எல்லாம். சொல்லச் சொல்ல எனக்குள் ஏதோ இறங்கிக்கொண்டே போனது. ஆள் உயிரோடு இருக்கிறார். சத்தியம் பொய்யில்லை. இன்றைக்கே போய் மனுவை எழுதிவிடலாம்.

அவர் சிரிக்கவில்லை.

"என் வண்டி எஞ்சினா? ஓடுதா அது?"

"ஓடுச்சாம். தண்ணி வச்சுப் பாத்தாகளாம்."

"டம்ளரு எம்புட்டு நேரம் நின்னுச்சு?"

"தெரியலையேண்ணே."

"சூடாகுற வரைக்கும் ஓட்டுனாகளா, போட்டதும் நிறுத்திட்டாகளா?"

அதுவும் தெரியவில்லை. அவர் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். மகள் தவழ்ந்து போய் அவருடைய ஸ்டவ் சாமான்கள் கிடந்த தகர மூடியைப் பிடித்து இழுத்தாள். அவர் மனைவி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"முன் டயரு வெடிச்சு, இடது பக்கமாச் சாஞ்சிருச்சு வண்டி" என்று அவர் சொன்னார். "நான் உள்ள. காலு மாட்டிக்கிருச்சு. ஆனா எஞ்சின் நிக்கல. ஓடிக்கிட்டே கெடக்கு. அத நிறுத்துற கம்பி எங் கைக்கு ஒரு சாண் தள்ளி இருக்கு. எட்டல. வண்டி படுத்துக் கெடந்தா ஆயிலு ஒரு ஓரமா ஒதுங்கிரும். எஞ்சினுக்கு ஒரு சொட்டுப் போகாது. மொதல்ல நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் சொம்புல கூழாங்கல்லப் போட்டு ஆட்டுனாப்புல ஒரு சத்தம். நான் என் காலப் பாக்கல. அதத்தான் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். தோட்டத்துக்குப் போற பொம்பளையாளுக வந்தாக. ஒரு ஆத்தா, நான் சொல்லச் சொல்லக் கைய உள்ள விட்டு அந்தக் கம்பிய இழுத்துச்சு. அப்பத்தான் நின்னுச்சு."

"இதை யாருகிட்டயும் சொல்லலையா?"

"போலீசு என்ன வேகத்துல வந்தன்னு கேட்டாக. டாக்டரு எங்க வலிக்குதுன்னு கேட்டாரு. மொதலாளி ஏலக்கா மூட்டை எத்தனைன்னு கேட்டாரு. எஞ்சினப் பத்தி நீங்கதான் மொதல்ல கேக்குறீக."

கெட்டியான ஆயிலை ஊற்றிவிட்டால், ஆறிக் கிடக்கும்போது அந்தச் சத்தம் வெளியே வராது என்றார். மலையில் பாரத்தோடு ஏறிச் சூடான பிறகுதான் வரும். வந்த பிறகு அதிக தூரம் ஓடாது. "ஒங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. அடியில ஆயில் தொட்டியக் கழட்டிப் பாக்காம வாங்க வேண்டாம். கிராங்கத் தாங்குற பேரிங்கெல்லாம் வெந்துபோயிருக்கும். கிராங்குல லேசாத்தான் கீறல் விழுந்திருந்தா, அத மட்டும் எடுத்துக்கிறலாம். ஒரு கடைசல்ல சரியாயிரும்."

தேனிக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மீது என்று தெரியவில்லை. காலையில் ஒரு பயத்தோடு போனேன். அதைத் தீர்த்துவிட்டு, அதைவிடப் பெரியதாக ஒன்றை மடியில் கட்டி அனுப்பிவிட்டார்கள். இனி சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னால் எங்கே போனாய், ஏன் போனாய், ஏன் நேற்றே சொல்லவில்லை என்று வரும். என் கணவரிடம் தனியாகச் சொல்லலாம், சாப்பிட்ட பிறகு சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பழனிசெட்டிபட்டி வருவதற்குள் மூன்று தடவை மாற்றிவிட்டேன்.

எதற்கும் இடமில்லாமல் போய்விட்டது. வீட்டில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அத்தை மகளைக் கையில் வாங்கினார். உடனே அவள் வாய்க்குள் விரலை விட்டு எதையோ தோண்டி எடுத்தார்.  உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளை நட்டு.

"இது ஸ்டவ்வு நட்டுல்ல?" என்றார்.

நான் செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"ஒங்க அம்மா வீட்டுல வெறகடுப்புத்தானே எரியுது?"

என் கணவர் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். நான் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் புக்கில் பார்த்த நம்பரை, கடைசியாகச் சொம்புக்குள் கூழாங்கல் சத்தத்தை. நடுவில் ஒரு இடத்தில் அத்தை குறுக்கிட்டார்.

"அப்ப அந்த ஆளு உசுரோடதான் இருக்காரா?"

"ஸ்டவ் ரிப்பேர் பாக்குறாரு அத்த."

"மதுரைக்காரன் சத்தியம் பொய்யில்ல அப்ப." அத்தை அந்த நட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாம கேட்டதுக்கு அவன் சரியாத்தான் சொல்லியிருக்கான். கேக்க வேண்டியத நாம கேக்கல. ஏலே, நீயும் அந்தப் போடிக்காரரும் என்னத்தத்தான் பாத்துட்டு வந்தீக? ரெண்டு பேரும் டம்ளரப் பாத்துக்கிட்டே நின்னீகளாக்கும்."

என் கணவர் கட்டிலை விட்டு எழுந்தார். என்னைப் பார்த்தார்.

"செவ்வாக்கெழமையே தெரியும் ஒனக்கு" என்றார். "மசி கொட்டிருச்சுன்ன."

சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மதுரைக்குப் போய், அந்த எஞ்சினின் ஆயில் தொட்டியைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். மெக்கானிக் ஒரு பேரிங்கைச் செய்தித்தாளில் சுற்றி எனக்காகவே எடுத்து வந்தார். அரை வளையம் மாதிரி இருந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய உள்பக்கம் கறுத்து, உருகிய மெழுகு போல ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. "ஒரு மாசம் ஓடியிருக்காது தங்கச்சி" என்றார். டம்ளரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கிராங்கில் கீறல் மட்டும்தான். அதை மட்டும் வாங்கி, முதல் கடைசல் கொடுத்து, எங்கள் எஞ்சினிலேயே மாட்டினார்கள். எங்கள் எஞ்சின் கூடு அப்படியே இருந்ததால் நம்பரும் மாறவில்லை. மனுவுக்கு வேலையில்லாமல் போயிற்று. மசி விழுந்த அந்தத் தாளை அத்தை மடித்துக் கடுகு டப்பாவுக்கு அடியில் போட்டுவிட்டார்.

லாரிக்கு மறுபடியும் முகம் வந்தது. முதல் நடை பூண்டு ஏற்றிக் கிளம்புகிற காலையில் என் கணவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த இரண்டு வாரமும் அவர் என்னிடம் வேண்டியதைப் பேசினார், அதற்கு மேல் பேசவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்.

"அந்தாளு நெசமாவே செத்துப் போயிருந்து, எஞ்சினும் நல்லாவே இருந்திருந்தா, எங்கிட்ட சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருப்பேங்க" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போய் வண்டியை எடுத்தார். நான் வாசலில் நின்று, சத்தம் தேயும்வரை கேட்டேன். கூழாங்கல் எதுவும் இல்லை. ஆனால் அது ஆறிய எஞ்சின், மலையில்தான் தெரியும். பத்து மணிக்குச் சின்னமனூர், பதினொன்றுக்குக் கம்பம், அப்புறம் ஏற்றம். அன்று நான் ஒரு குடத்தை நான்கு தடவை தேய்த்தேன். மறுநாள் சாயங்காலம் அவர் இஞ்சி மூட்டைகளோடு வந்து இறங்கினார். உத்தமபாளையத்தில் நிறுத்தி, அந்த நட்டைத் திருப்பிக் கொடுத்தாராம். டிரைவர் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து எஞ்சினுக்குப் பக்கத்தில் காதை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, "என் கிராங்குக்கு இன்னும் ஒங்க எஞ்சின் பழகல. ரெண்டு நடை மெதுவாப் போங்க" என்றாராம்.

என் கணவர் அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்கவில்லை. நான்தான் அதை விடவில்லை. ஒவ்வொரு நடையும் அவர் மலையில் இருக்கும் நேரத்தில், சொல்லியிருப்பேனா, மாட்டேனா என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சொல்லியிருந்தால் அவர் குச்சிக் கிராங்கோடு மலை ஏறியிருப்பார். சொல்லாமல் இருந்திருந்தால் எஞ்சின் ஓடியிருக்கும். நான் எப்படி இருந்திருப்பேன்? ஒரு நாள் சொல்லியிருப்பேன் என்று தோன்றும். மறுநாள் அதே மனுவை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்திருப்பேன் என்று தோன்றும்.

சித்திரையில் ஒரு நாள் அவர் மலை இறங்கி வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். துண்டை நீட்டும்போது எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

"அன்னைக்குச் சொல்லியிருப்பேன்னேன்ல. தெரியலங்க. சொல்லாமலும் இருந்திருப்பேன்."

அவர் முகத்தைத் துடைத்து முடித்தார்.

"அது அன்னைக்கே தெரியும்" என்றார். "தெரிஞ்சிருந்தாலும் நான் அந்த எஞ்சின ஓட்டித்தான் இருப்பேன். சோத்தப் போடு."